எடுக்காத பொட்டலம்

சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையின் நடுவில் அரளியை நட்டவர் யாரென்று தெரிந்தால் அங்கம்மாள் அவர் வீடு தேடிப் போய்ச் சண்டை பிடித்திருப்பாள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும் என்று நட்டவர்களுக்கு நூறு நியாயம் இருக்கும். அதெல்லாம் அவளுக்கு எதற்கு? புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் சேலத்தில் இறங்குகிற வரைக்கும் சன்னல் நிறைய அரளி. வெள்ளை எங்கோ ஒன்று, ரோஸ் கொஞ்சம், மிச்சமெல்லாம் சிவப்பு. பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள்ளும் அதேதான் பூத்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டே வருவதைப் பார்த்த புருஷன் நாச்சிமுத்து, இவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி அவள் கையில் வைத்து, மோந்துகொண்டே வா என்பார். வாயில் புற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அவர், எலுமிச்சம்பழம் இவளுக்கு. அந்தப் பழம் கையில் கனத்ததைப்போல அவளுக்கு எதுவும் கனத்ததில்லை.

அங்கம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊருக்குக் கிழக்கே இருக்கிற கோழிப்பண்ணையில் இருபது வருஷமாக முட்டை பொறுக்குகிறாள். இரண்டு முட்டையை ஒரே கையில் எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவாள். நல்ல முட்டை ஒருவிதமாகச் சத்தம் கொடுக்கும், கீறல் விழுந்தது வேறுவிதமாக. கண்ணால் பார்க்க வேண்டியதேயில்லை. பக்கத்தில் இருப்பவளோடு கதை பேசிக்கொண்டே கீறலைத் தனியாக ஒதுக்கிவிட்டு நல்லதை அட்டையில் அடுக்குவாள். அவள் காதுக்குத் தப்பி ஒரு கீறல் முட்டை லாரி ஏறியதில்லை என்று பண்ணைக்காரரே சொல்லுவார். தன்னுடைய கீறலை மட்டும் அவள் ஒதுக்காமல் அடுக்கிவிட்டாள். அந்தக் கதைதான் இது.

நாச்சிமுத்து போர்வெல் லாரி ஓட்டியவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வருஷத்தில் பத்து மாசம் வெளியே. மழைக்காலத்தில் வண்டி நின்றால்தான் வீடு. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஆறேழு வருஷம் தேறும். மற்ற நாளில் போனில் ஒரு முகம். நெற்றி அகலமாக, வலதுபக்கம் ஒரு குழி விழச் சிரிக்கிற முகம். அந்த முகத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அந்தச் சிரிப்பின் இடதுபக்கத்தில் எப்போதும் ஒரு புகையிலை உருண்டை அடைந்திருக்கும். பூமியைக் குடைகிற சத்தத்துக்கு நடுவே விடிய விடிய விழித்திருக்க அதுதான் துணை என்பார். துப்பித் தொலையுங்கள் என்று இவள் சொல்லாத மழைக்காலம் கிடையாது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எடுக்குமுன் இரும்புத் தடியால் எல்லா டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கடைசியில் குனிந்து அடியில் தொங்குகிற ஸ்டெப்னியையும் தட்டுவார். சும்மா கிடக்கிற டயரை எதற்குத் தட்டுகிறாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். ஓடுகிற டயர் போனால் உடனே தெரிந்துவிடும், இது போனது மாட்டுகிறபோதுதானே தெரியும் என்பார். வீட்டிலும் அப்படித்தான். பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார்.

முழங்கால் தேய்ந்து அவர் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த இரண்டாவது வருஷம் இடது கன்னத்துக்குள் புண் வந்தது. பல் குத்துகிறது என்றார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். மூன்று மாசம் கொப்பளித்த பிறகு மகள் நித்யஸ்ரீ அவரைப் பிடித்து இழுக்காத குறையாகச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சதை எடுத்துப் பார்த்து, புற்று என்றார்கள்.

டாக்டர் ஜெனிட்டா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஆபரேஷன் செய்து கன்னத்தில் ஒரு பகுதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட வேண்டும், நெஞ்சிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்போம், அதுதான் இதற்குச் சரியான வழி என்றார். அது முடியவே முடியாதென்றால் கதிர்வீச்சும் மருந்தும் கொடுக்கலாம். ஆனால் திரும்ப வருகிற வாய்ப்பு அதில் அதிகம். யோசித்துச் சொல்லுங்கள், ரொம்ப நாள் யோசிக்காதீர்கள் என்றார். தைரியம் வரட்டுமென்று அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைப் பார்க்கவும் அனுப்பி வைத்தார்.

அவர் பெயர் உபகாரசாமி, சேலத்தில் கொத்தனார். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். கட்டிலில் உட்கார்ந்து கரைத்த தயிர்சோற்றைத் தன் கையாலேயே ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு அது வெற்றி. நாச்சிமுத்து பக்கத்தில் போய் உட்கார்ந்து வலி எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்தார். அங்கம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை. பாதி முகம் ஒரு ஆளுடையது, மீதி யாரோ அவசரத்தில் அப்பி வைத்தது மாதிரி இருந்தது. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு எச்சில் ஒழுகியது. அவர் மனைவி அன்னாள் வேறெங்கோ பார்த்தபடி அதைத் துண்டால் துடைத்துவிட்டாள். அன்னாள் சன்னலுக்கு வெளியே யாரையாவது பார்த்திருக்கலாம். அங்கம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் பெண்டாட்டியே திரும்பிக்கொள்கிறாள் என்று நினைத்தாள்.  வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று முக்கால்வாசிப் பேர். பச்சிலை கட்டுகிற ஆளுக்கு வழி சொன்னவர்கள் மீதி. நாச்சிமுத்து எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, கருப்பணார் கோயிலில் பூப்போட்டுக் கேட்டுவிடலாம், சாமி சொல்கிறபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பூப்போட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் உண்டு. கிணறு வெட்ட, பெண் கொடுக்க, வழக்குப் போட. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்து வாழைநாரால் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது வீட்டுப் பெண்ணின் வேலை.

அன்று காலை அங்கம்மாள் பண்ணை வாசல் அரளியில் பூப் பறித்தாள். இரண்டு கை நிறையச் சிவப்பு. வெள்ளைச் செடியும் நாலடி தள்ளித்தான் இருந்தது. அதன் முன்னால் சற்று நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினாள்.

பூசாரி ஜீவானந்தம் எடுத்துக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்த நாச்சிமுத்து பெரிதாக மூச்சு விட்டார். பழக்கதோஷத்தில் அவர் கை அடுத்த பொட்டலத்தையும் தொடப் போனது. அங்கம்மாள் வெடுக்கென்று அதை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, சாமிகுத்தம் என்றாள். பூசாரியும் ஆமாம் என்றார். திரும்பி வருகிற வழியில் அதைப் பாழுங்கிணற்றில் எறிந்தாள். பொட்டலம் மூழ்கவில்லை. மறுநாள் எட்டிப் பார்த்தபோதும் மிதந்துகொண்டிருந்தது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், அப்பன் அப்படி ஒரு முகத்தோடு மணவறையில் எப்படி உட்காருவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கத்தி பட்டால் பரவும் என்று ஊரே சொல்கிறதே என்றும் சொல்லிக்கொண்டாள். எதுவும் ஒட்டவில்லை. குழாயடி வாந்திதான் உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, கரண்டு வைப்பது என்பார்கள். முப்பத்து மூன்று நாள் கரண்டு. மாசத்துக்கு ஒருநாள் ஊரெல்லாம் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு நமக்கு எப்படி என்று நாச்சிமுத்து முதல்நாளே கேட்டு அங்கிருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தார். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. வாயெல்லாம் வெந்து, கழுத்து கறுத்து, எச்சில் வற்றி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்க மறுத்தது. ஒருநாள் மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பி, மறுநாள் வைத்தார்கள். ஆனாலும் கட்டி கரைந்தது. எல்லாம் முடிந்து மூன்று மாசத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

ஊர் கூடிக் கருப்பணாருக்குக் கிடா வெட்டியது. சொல்லாத வாக்குக்குச் சாமி கிடா வாங்கிக்கொண்டார். நாச்சிமுத்துக்குக் கறியை மெல்ல வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. சாறு மட்டும் குடித்தார், அதிலும் ருசி தெரியவில்லை என்றார். அந்தத் தையில் நித்யஸ்ரீக்கு மோகனூரில் கல்யாணம் நடந்தது. மணவறைப் போட்டோவில் அவர் முகம் முழுசாக இருக்கிறது. அதைக் கூடத்தில் மாட்டிய அன்றைக்கு அங்கம்மாள் வெகுநேரம் பார்த்தாள். தான் செய்தது சரிதான் என்று ஒரு பத்து நாள் நம்பவும் நம்பினாள்.

பண்ணையில் முட்டை தட்டுகிற காது வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? கல்யாணம் முடிந்த ஆறாவது மாசம், ஒருநாள் காலை அவர் ‘தண்ணி’ என்று கேட்டது அவளுக்கு வேறுமாதிரி கேட்டது. சொல் சரியாகத்தான் இருந்தது, ஓசை சரியில்லை. அன்றிலிருந்து ஒளிந்து ஒளிந்து கவனித்தாள். சோற்றை வலதுபக்கமே ஒதுக்கினார். இடது காதைத் தேய்த்துக்கொண்டே டிவி பார்த்தார். தலையணை உறையில் வட்டமாக ஒரு கறை, அதில் ஒரு வாடை. அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடும் என்பது மாதிரி இருபது நாள் துவைத்துக்கொண்டேயிருந்தாள். அதற்குள் வீட்டில் எங்கே நின்றாலும் சிவப்பு அரளி மணப்பது போலிருந்தது. அரளிக்கு அவ்வளவு மணம் கிடையாது, அவளுக்கு மணந்தது.

கடைசியில் அவள்தான் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். பழைய இடத்திலேயே, விளிம்பு தடித்து, நடுவில் குழிந்து இருந்தது. மறுபடி சதை எடுத்தார்கள். அதேதான் வந்தது.

டாக்டர் ஜெனிட்டா இந்தத் தடவையும் சுற்றி வளைக்கவில்லை. இனிக் கரண்டால் ஆகாது, ஆபரேஷன் ஒன்றுதான். முன்பைவிடப் பெரிது. தாடையில் பாதி போகும், வெளித்தோலும் போகும். கரண்டு பட்ட சதை ஆறவும் நாளாகும். இன்னும் எடுக்கிற நிலையில் இருக்கிறது, ஒரு மாசம் போனால் அதுவும் இருக்காது என்று சொல்லிப் புதன்கிழமை வந்து சேரும்படி ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு எழுதிக் கொடுத்தார். முதலிலேயே செய்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாத அந்த வார்த்தை அங்கம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.

வெளியே வந்தால் மருந்து வாங்குகிற வரிசையில் உபகாரசாமி நின்றார். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. முகம் ஒருபக்கம் ஒட்டி, கோணலாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் சதை போட்டிருந்தார். கையில் கொய்யாப்பழப் பை. அன்னாள் அவர் முகத்தை நேராகப் பார்த்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் நாச்சிமுத்துவை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். இவரும் தூக்கினார். 

நாச்சிமுத்து ஊரில் எல்லோரிடமும் ஒரே காரணத்தைச் சொன்னார். ஒருநாள் மெஷின் பழுதென்று திருப்பி அனுப்பினார்களே, அந்த ஒருநாள் கரண்டு விட்டுப்போனதுதான். மறுநாள் வைத்தார்களே என்று மகள் சொன்னால், அது சேர்த்தி இல்லை என்பார். யாரையும் திட்டவில்லை. வண்டி ஏன் நின்றது என்று தேடுகிறவரைப்போல அந்த ஒருநாளையே திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அங்கம்மாள் சொல்ல வாயெடுத்தாள். அடுப்பில் ஏதாவது பொங்கும், யாராவது வருவார்கள், அவர் இருமுவார். சொல்லாமல் இருக்க ஒரு ஆளுக்குக் காரணமா கிடைக்காது?

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்:

“நாளைக்கிக் கருப்பணாரு கோயலுக்குப் போலாம். பூவு கட்டிக்க, அங்கம்மா.”

பூ எதற்கு, டாக்டர்தான் சொல்லிவிட்டாரே என்றாள். போன தடவை சாமி சொன்னதைக் கேட்டுத்தான் மகள் கல்யாணத்தை முழு ஆளாக நின்று நடத்தினேன், இந்தத் தடவையும் அவர் சொன்னபடிதான், சிவப்பு வந்தால் போகமாட்டேன் என்றார். பேச்சு தெளிவில்லை. முடிவு தெளிவாக இருந்தது.

ஒழுங்காகக் கட்டினால் சிவப்பு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்தால் செத்துப்போவார். அதை அவள் நன்றாகப் புரிந்துகொண்டாள். திங்கட்கிழமை விடிந்ததும் நெடுஞ்சாலைக்கு நடந்தாள். பண்ணை வாசல் வெள்ளைச் செடியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். லாரிகளுக்கு நடுவே ஓடி, எந்த அரளியைப் பார்க்காமல் கண்ணை மூடினாளோ அதற்குள்ளேயே போய் நின்று, ஒரு பர்லாங் தூரம் தேடி வெள்ளையைப் பறித்தாள். விரலெல்லாம் பால் பிசுபிசுத்தது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை.

கோயிலில் அவர்கள் மூன்று பேர்தான். ஜீவானந்தம் ஆட்டோவை நிழலில் நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுப் பூசாரியானார். மணியடித்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து நாரை அவிழ்த்தார். வெள்ளை.

தலையைப் பலமுறை ஆட்டிக்கொண்டார். சரி, செய்துவிடலாம் என்பது மாதிரி. பிறகு அவர் கை, அதற்கென்று ஒரு புத்தி இருப்பதுபோல, அடுத்த பொட்டலத்துக்குப் போனது. எடுக்காததைப் பிரிக்கக் கூடாதுங்கண்ணா என்றார் பூசாரி. நாச்சிமுத்து அங்கம்மாளைப் பார்த்தார். அன்றைக்குப் போல அவள் கை எழுந்தது. பாதி தூரம் போய், நெஞ்சில் வந்து நின்றுவிட்டது.

“பிரிக்கட்டும், உடுங்க” என்றாள் பூசாரியிடம்.

அவர் பிரித்தார். வெள்ளை. பூசாரி இரண்டு இலையையும் பார்த்தார், அங்கம்மாளைப் பார்த்தார், பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோப் பக்கம் போய்விட்டார்.

நாச்சிமுத்து நிதானமாகக் கேட்டார்.

“அப்ப அன்னிக்கி?”

“ரெண்டும் செகப்புங்க.”

அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  அவளைத் திட்டுவார், அறைவார் என்று அவள் எதிர்பார்த்தாள், அப்படி நடந்தால் நல்லது என்றுகூட ஏங்கினாள். அவரோ அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்தார்.

“கத்தி பட்டா பரவீரும்னு பயந்துட்டயா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஊரே அதைத்தானே நம்பியது. அங்கம்மாள் சொல்லவில்லை.

“இல்லீங்க. அந்த உபகாரசாமி மூஞ்சியப் பாத்தனுங்கல்ல. உங்க மூஞ்சி அப்பிடி ஆயிருச்சுன்னா என்னால பாக்க முடியாதுன்னு தோணுச்சுங்க. எனக்காகத்தான் கட்டுனனுங்க.”

அவர் கன்னத்தை மறைத்துச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். வீங்கி, தோல் மினுமினுத்து, ஒரு இடத்தில் கசியத் தொடங்கியிருந்த இடதுபக்கத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“இனிப் பாத்துத்தான ஆகோணும், அங்கம்மா” என்றார்.

அவள் பார்த்தாள்.

புதன்கிழமை காலை இருவரும் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினார்கள். அவர் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. சன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலம் வருகிற வரைக்கும் அவள் கண்ணை மூடவில்லை.